ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள்: நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சிட்னி, மெல்பர்ன் பக்கம் புதிதாக வந்து இறங்கியவர்களும் சரி, வந்து இருபது ஆண்டு ஆனவர்களும் சரி, பூர்வகுடிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் கேட்பவை ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். சில காதுக்கு உறுத்தும். மெருகேற்றினால் கேள்வியே மாறிவிடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறோம்.

1. இவங்க யாரு, எத்தனை பேர்? நான் வந்து அஞ்சு வருஷம் ஆச்சு, ஒருத்தரைக்கூடப் பார்த்ததே இல்லையே?

இரண்டு பெரும் பிரிவினர். பெருநிலத்திலும் டாஸ்மேனியாவிலும் வாழ்ந்துவரும் அபோரிஜினல் மக்கள் ஒரு பிரிவு. குயின்ஸ்லாந்தின் வட முனைக்கும் நியூ கினிக்கும் இடையிலுள்ள தீவுகளைச் சேர்ந்த டோரஸ் நீரிணைத் தீவினர் இன்னொரு பிரிவு. 1788இல் ஆங்கிலேயர் சிட்னியில் கால் வைத்தபோது இங்கே 250க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. ஆகவே "அபோரிஜினல் மொழியில் வணக்கம் எப்படிச் சொல்வது" என்றால், எந்த மொழியில் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

2021 நடுவில் அவர்கள் தொகை சுமார் 9 லட்சத்து 84 ஆயிரம் என்று நாட்டின் புள்ளியியல் அலுவலகம் கணித்தது. மொத்த மக்கள்தொகையில் 3.8 விழுக்காடு. பெரும்பாலானோர் பாலைவனத்தில் இல்லை, நகரங்களிலும் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். மேற்குச் சிட்னியின் பிளாக்டவுன் கவுன்சில் பகுதியில் பூர்வகுடிகள் மிக அதிகம், நம்மவர்களும் அங்கே நிறைய. பார்க்கவில்லை என்பதைவிட, அடையாளம் தெரியவில்லை என்பதே சரி. காரணம் 3ஆம் கேள்வியில்.

2. என்ன சொல்லிக் கூப்பிடுறது? எதைச் சொன்னாலும் தப்புங்கிறாங்க.

ஆங்கிலத்தில் பேசும்போது "அபோரிஜினல்", "டோரஸ் ஸ்ட்ரெயிட் ஐலண்டர்", "ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்" மூன்றும் பிழையில்லை. "அபோரிஜின்" இப்போது பழைய நெடி அடிக்கும் சொல், தவிர்த்துவிடுங்கள். அதையே சுருக்கி "அபோ" என்பது வசவு. ஒருவர் தம் இனப் பெயரை விராஜுரி என்றோ யோர்ட்டா யோர்ட்டா என்றோ சொன்னால் அதையே பயன்படுத்துங்கள், அதுதான் மிகச் சரி.

3. ஆபீஸ்ல ஒருத்தி, பொன்னிற முடி, வெள்ளைத் தோல். தான் அபோரிஜினல்ங்கிறா. எப்படி?

அரசும் நீதிமன்றங்களும் ஏற்கும் அளவுகோலில் மூன்று கூறுகள் உண்டு: பூர்வகுடி வம்சாவளி, தன்னை அப்படி அடையாளப்படுத்திக்கொள்வது, தன் சமூகம் தன்னை ஏற்பது. தோல் நிறம் அதில் இல்லை. சில வேலைகளுக்கும் உதவித்தொகைகளுக்கும் பூர்வகுடி அமைப்பு ஒன்று கூட்டத்தில் தீர்மானித்து முத்திரையிட்டுத் தரும் உறுதிப்படுத்தல் கடிதம் தேவைப்படும். குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கடிதம் வாங்கப் படாதபாடு படுவார்கள். காட்டுவதற்குக் குடும்பமும் இல்லை, தாளும் இல்லை.

"எத்தனை பங்கு அபோரிஜினல்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அரைப் பங்கு, கால் பங்கு என்று பிரித்து, தோல் வெளுத்த பிள்ளைகளை வெள்ளையரோடு கரைத்துவிடலாம் என்று தாயிடமிருந்து எடுத்துப்போனது அரசாங்கம். உங்களுக்கு அது சாதாரண விசாரிப்பு. அவர் காதில் அது பாட்டியிடம் அதிகாரி கேட்ட கேள்வி.

4. எல்லாம் 200 வருஷத்துக்கு முந்தி நடந்தது. இன்னும் ஏன் அதையே பேசணும்?

200 ஆண்டுக்கு முந்தி நடந்தது தொடக்கம் மட்டுமே. நியூ சவுத் வேல்ஸின் மயால் கிரீக்கில் குறைந்தது 28 பேர் கொல்லப்பட்டது 1838இல். வடக்குப் பிரதேசத்தின் கோனிஸ்டனில் போலீஸ் கான்ஸ்டபிள் ஒருவர் தலைமையில் போன கூட்டம் ஆட்களைத் தேடித்தேடிச் சுட்டது 1928இல், நம் தாத்தா காலத்தில். ஏறத்தாழ 1910இலிருந்து 1970 வரை பிள்ளைகளைச் சட்டப்படியே பிரித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தார்கள். 1997இல் வந்த தேசிய விசாரணை அறிக்கை, இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப, பத்துக்கு ஒரு பிள்ளையிலிருந்து மூன்றுக்கு ஒரு பிள்ளைவரை இப்படிப் போனதாகக் கணித்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று அறுபது, எழுபது வயதில் உயிரோடு இருக்கிறார்கள். நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13.

காசு விஷயமும் உண்டு. குயின்ஸ்லாந்தில் பூர்வகுடித் தொழிலாளரின் கூலியை அரசே வாங்கி வைத்துக்கொண்டு, செலவுக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தது. மீதி பலருக்கு வந்து சேரவே இல்லை. அந்தத் தொழிலாளர்களும் வாரிசுகளும் போட்ட கூட்டு வழக்கில் மாநில அரசு 19 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது 2019இல். ஒரு தலைமுறையின் சம்பளம் வீட்டுக்கு வராவிட்டால் அடுத்த தலைமுறைக்கு வீடும் இல்லை, வீட்டை வைத்துக் கடன் வாங்கிப் படிப்பதும் இல்லை.

5. 1967 வாக்கெடுப்புல தானே இவங்களுக்கு ஓட்டுரிமை கிடைச்சுது? அதுவரைக்கும் 'செடிகொடி விலங்குகள்' சட்டத்துல வச்சிருந்தாங்களாமே?

இரண்டும் தவறு. அப்படி ஒரு சட்டம் இருந்ததே இல்லை. நிலவரம் அவ்வளவு கேவலமாக இருந்ததால் நல்ல மனம் கொண்டவர்களே இதை நம்பிப் பரப்புகிறார்கள். 1967 மே 27 வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் 'ஆம்' விழுந்தது. அதனால் மாறியவை இரண்டு: மத்திய அரசு பூர்வகுடிகளுக்காகச் சட்டம் இயற்றலாம் என்றானது, மக்கள்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற பிரிவு நீங்கியது.

ஓட்டுரிமைக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. 1902ஆம் ஆண்டுச் சட்டம் ஆஸ்திரேலியா, ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகளின் பூர்வகுடிகள் எல்லோரையும் ஒரே வரியில் வைத்து வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்து இங்கே வாழ்ந்தவர்களுக்கு 1925இல் மத்தியத் தேர்தல் வாக்கு கிடைத்தது. இந்த மண்ணின் மக்களுக்கு மத்தியத் தேர்தலில் முழு உரிமை கிடைத்தது 1962இல். கடைசி மாநிலமான குயின்ஸ்லாந்து 1965இல் வழிவிட்டது. மற்றவர்களைப்போல வாக்காளர் பதிவு அவர்களுக்கும் கட்டாயமானது 1984இல்.

6. இவையளுக்கு அரசாங்கம் எல்லாம் சும்மா குடுக்குதாமே, உண்மையோ?

இந்தக் கேள்வி பெரும்பாலும் வரிக் கணக்கு முடிக்கும் மாதத்தில்தான் வரும். வேலையில்லாதோர் தொகை, ஓய்வூதியம், பிள்ளைகளுக்கான தொகை எல்லாம் சென்டர்லிங்க் என்ற அரசு உதவித்தொகை அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே வீதம், ஒரே வருமான வரம்பு. இனத்துக்கென்று கூடுதல் தொகை கிடையாது. இலவச வீடும் இல்லை, இலவசக் காரும் இல்லை.

தனியாக உள்ளவை சில. படிப்புக்கு 'ஆப்ஸ்டடி': மற்ற மாணவர்கள் பெறும் தொகையை ஒத்தது, குடும்ப வருமானத்தைப் பார்த்தே தருவார்கள். மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் 715 என்ற எண்ணில் ஆண்டுக்கொருமுறை முழு உடல் பரிசோதனை. மருந்துச் சீட்டுக்குக் குறைந்த கட்டணம். இவையெல்லாம் 9ஆம் கேள்வியில் வரும் நோய்களுக்காக வந்தவை.

எதிர்ப் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2007இல் வடக்குப் பிரதேசத்தில் 'அவசர நடவடிக்கை' என்று இறங்கிய மத்திய அரசு, குறிப்பிட்ட பூர்வகுடிக் கிராமங்களில் இருந்தவர்களின் உதவித்தொகையில் பாதியை நிறுத்திவைத்து, அனுமதி பெற்ற கடைகளில் மட்டும் செலவழிக்கும்படி செய்தது. ஒழுங்காகப் பிள்ளை வளர்ப்பவர், குடிக்காதவர் என்ற வேறுபாடே பார்க்கவில்லை. இதற்கு வசதியாக 1975ஆம் ஆண்டு இனப் பாகுபாட்டுச் சட்டத்தையே அங்கே முடக்கிவைத்து, 2010இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

7. சரி, ஆனா குடி? அதைக் கண்ணால பார்க்கிறோமே?

பார்ப்பது பூங்காவில் உட்கார்ந்து குடிப்பவர்களை. வீட்டுக்குள்ளும் கிளப்புக்குள்ளும் குடிப்பவர் கண்ணில் படுவதில்லை. மதுவைத் தொடாதவர்களின் விகிதம் பூர்வகுடிகளிடம் மற்றவர்களைவிட அதிகம் என்று அரசின் ஆய்வுகள் பலமுறை சொல்லிவிட்டன. குடிப்பவர்களில் அபாய அளவுக்குக் குடிப்போர் அவர்களிடம் கூடுதல் என்பதும் அதே ஆய்வுகளில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை. தங்கள் கிராமத்தில் மதுவே கூடாது என்று தாங்களே தடை கேட்டு வாங்கிய பூர்வகுடிச் சமூகங்கள் பல. அந்தப் போராட்டங்களில் முன்னே நின்றவர்கள் பெரும்பாலும் பாட்டிமார்.

8. புது வீடு கட்டிக் குடுத்தாலும் உடைச்சுப் போடுகினமாம். பிறகு என்ன செய்யிறது?

இதற்கு ஊகம் தேவையில்லை, எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 1980களில் தென் ஆஸ்திரேலியாவின் பித்ஜன்ஜத்ஜரா நிலப்பகுதியில், மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏன் மீண்டும் மீண்டும் அதே சொறிபுண், வயிற்றுப்போக்கு, கண்நோய் என்று தேடிப் போன ஒரு மருத்துவரும் கட்டட வடிவமைப்பாளரும் பொதுச் சுகாதார அலுவலரும் வீடு வீடாகக் குழாயைத் திறந்து பார்த்தார்கள். பிள்ளையைக் குளிப்பாட்ட முடிகிறதா, துணி துவைக்க முடிகிறதா, கழிவு வெளியே போகிறதா, சமைக்க முடிகிறதா என்று ஒன்பது காரியங்களை வரிசைப்படுத்தினார்கள். அதிலிருந்து வளர்ந்த திட்டம் பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான வீடுகளைச் சோதித்துப் பழுது பார்த்தது. கெட்டுப்போனவற்றில் மிகப் பெரும் பங்குக்குக் காரணம் வழக்கமான பராமரிப்பு இல்லாதது. அடுத்தது, கட்டும்போதே செய்த மட்டமான வேலை. குடியிருப்பவர்கள் உடைத்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

எப்படிக் கெடுகிறது என்று பாருங்கள். பாலைவன ஊர்களில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், சுண்ணாம்பு அதிகம். வெந்நீர்த் தொட்டிக்குள் உள்ள கம்பியில் அது கெட்டியாகப் படியும், கம்பி எரிந்துபோகும். குழாய் வாஷர் அரிக்கும், ஷவர் துளை அடைக்கும். நம் வீட்டில் என்றால் பிளம்பர் மாலைக்குள் வந்துவிடுவார். அங்கே பிளம்பர் வர வேண்டியது 400, 500 கிலோமீட்டர் தாண்டி. நாலைந்து பழுது சேரட்டும் என்று அலுவலகம் காத்திருக்கும். வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு கழிப்பறை. மாதக்கணக்கில் வெந்நீர் இல்லை. ஆய்வுக்கு வருபவர் புகைப்படம் எடுத்துப் போய் "பராமரிக்கத் தெரியாதவர்கள்" என்று எழுதுவார். வாடகை வீடு அது. பராமரிக்க வேண்டியவர் வீட்டுக்காரர், அதாவது அரசு.

9. மத்தவங்களை விட ஏன் இவ்வளவு சீக்கிரம் சாகிறாங்க? உடம்பு வாகா?

2020–2022 கணக்கின்படி பூர்வகுடி ஆணின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் 71.9 ஆண்டு, பெண்ணின் ஆயுள் 75.6. மற்றவர்களோடு இடைவெளி முறையே 8.8, 8.1 ஆண்டு. வாகு என்று தள்ளிவிட முடியாது. ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொள்வோம்: ருமாட்டிக் இதய நோய். நெருக்கடியான வீட்டில் தொண்டைப் புண்ணும் சொறிபுண்ணும் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். குளிக்கவும் துவைக்கவும் வழியில்லாவிட்டால், முந்திய பதிலில் சொன்ன குழாய்க் கதைதான், திரும்பத் திரும்ப வரும். அதன் பின்விளைவாகக் காய்ச்சல் வந்து இதய வால்வைத் தின்னும். ஒருமுறை வந்துவிட்டால் ஏறத்தாழ 28 நாளுக்கு ஒரு பெனிசிலின் ஊசி, வலிக்கிற ஊசி, ஆண்டுக்கணக்கில். நகரத்து ஆஸ்திரேலியர்களிடம் இந்த நோய் மறைந்தே போய்விட்டது. வீடு மாறியதால் மறைந்தது.

சிறுநீரகம் இன்னொன்று. டயாலிசிஸ் வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் நாலைந்து மணி நேரம். கிண்டோர் என்ற ஊர்க்காரருக்கு அது கிடைத்த இடம் 500 கிலோமீட்டருக்கு அப்பால், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். ஆகவே நோயாளி நிலத்தையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு நகரத்துக்கு வந்து, உறவினர் வீட்டுத் திண்ணையிலோ ஆற்றுப் படுகையிலோ தங்கினார். அரசு கைவிரிக்கவே அந்த மக்கள் கூட்டாக வரைந்த ஓவியங்களை 2000இல் சிட்னியில் ஏலம் விட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, டயாலிசிஸ் இயந்திரத்தைத் தங்கள் ஊருக்கே கொண்டுபோனார்கள். 'பர்ப்பிள் ஹவுஸ்' என்ற அந்த அமைப்பு இன்று பல ஊர்களில் இயங்குகிறது. 'அவர்களாக எதுவும் செய்வதில்லை' என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

10. நான் நர்ஸ். எதைக் கேட்டாலும் 'யெஸ்'ங்கிறாங்க, சிகிச்சை முடியுறதுக்குள்ள கிளம்பிடுறாங்க. என்னதான் பண்றது?

'யெஸ்' என்பது பல நேரம் ஒப்புதல் அல்ல, அதிகாரத்தில் உள்ளவரிடமிருந்து பேச்சை முடித்துக்கொள்ளும் வழி. போலீஸ் விசாரணையிலும் இதே பழக்கம் ஆளைச் சிக்கவைத்திருக்கிறது, நீதிமன்றங்களே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆம், இல்லை என்று முடியும் கேள்வியை விடுங்கள். "வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக் காத்திருங்கள். நமக்குத்தான் மௌனம் தாங்காது. கண்ணைப் பார்க்காமல் பேசுவது மரியாதையாக இருக்கலாம், நம் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நாம் நிற்பதில்லையா? சிறுவயதுக் காதுச்சீழால் செவித்திறன் குறைந்தவர்கள் தொலைதூர ஊர்களில் மிக அதிகம், அதையும் சோதியுங்கள். வடக்கில் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது நான்காவது மொழி. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவது அவர் உரிமை.

கிளம்பிப் போவதற்குக் காரணம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்: வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை, ஊருக்கு வாரம் ஒரே வண்டி, உறவில் சாவு, அல்லது முந்திய ஷிப்டில் யாரோ பேசிய விதம். பிள்ளைகளைப் பிறந்த கையோடு பிரித்ததும் ஆஸ்பத்திரிகளில்தான். முதல் நாளே பூர்வகுடித் தொடர்பு அலுவலரை அழையுங்கள், நோயாளி பையைத் தூக்கிய பிறகல்ல. 'நீங்கள் அபோரிஜினலா, டோரஸ் நீரிணைத் தீவினரா' என்ற சேர்க்கைப் படிவக் கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள். முகத்தைப் பார்த்து நீங்களே 'இல்லை' என்று டிக் போட்டால் 6இல் சொன்ன மருந்துச் சலுகை அவருக்குக் கிடைக்காமல் போகலாம்.

11. ஜெயில்ல மூணுல ஒருத்தர் இவங்களாமே. தப்பு செய்யாமலா உள்ள போட்டாங்க?

ஏறத்தாழ மூன்றில் ஒருவர், உண்மை. மக்கள்தொகையில் 3.8 விழுக்காடு. வன்குற்றங்களும் அதில் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அவற்றால் பாதிக்கப்படுபவர்களிலும் பூர்வகுடிப் பெண்கள் பெரும்பகுதி. ஆனால் உள்ளே போகும் பாதை பலருக்குத் தொடங்குவது சின்ன விஷயத்தில்.

ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உரிமத்துக்கு அடையாள ஆவணம் வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்று வேண்டும். பிறப்பே பதியப்படாதவர்கள் பூர்வகுடிகளில் கணிசம். நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குட்பட்டவர் 120 மணி நேரம், அதில் 20 மணி இரவில், முழு உரிமம் உள்ளவர் பக்கத்தில் இருக்க ஓட்டிப் பதிவேட்டில் எழுத வேண்டும். நம் வீட்டில் அப்பாவின் கார், அப்பாவின் உரிமம், அப்பாவின் பெட்ரோல். அந்த வீட்டில் உரிமம் உள்ளவரே இல்லை, ஓடும் கார் ஊருக்கே இரண்டு. பேருந்தும் கிடையாது. ஆகவே உரிமம் இல்லாமல் ஓட்டுகிறார்கள். சின்ன ஊர், போலீஸுக்கு எல்லோரையும் தெரியும். அபராதம், கட்டாத அபராதம், ஓட்டத் தடை, தடையை மீறி ஓட்டியது என்று ஏறி ஏறி நீதிமன்றம் வரும். ஜாமீனுக்கு நிலையான முகவரி கேட்பார்கள். பன்னிரண்டு பேர் இருக்கும் வீட்டை மாஜிஸ்திரேட் ஏற்கமாட்டார். தீர்ப்பு வரும் முன்பே சிறை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 2014இல் சவுத் ஹெட்லண்ட் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்ட 22 வயதுப் பெண், குடும்பத்தார் விருப்பப்படி மிஸ் டூ என்றே குறிப்பிடப்படுபவர், கட்டாமல் விட்ட அபராதம் 3,600 டாலர் சொச்சம். உடைந்த விலா எலும்பில் தொற்று ஏறி வலியில் துடித்தவரை நடிக்கிறார் என்றார்கள். மூன்றாம் நாள் இறந்தார். அபராதம் கட்டாததற்குச் சிறை என்ற வழக்கத்தை அந்த மாநிலம் பெருமளவு கைவிட்டது 2020இல்.

12. ஆனா காவல்ல சாகிற விகிதம் மத்த கைதிகளை விட அதிகமில்லைன்னு ராயல் கமிஷனே சொல்லியிருக்காமே?

சொன்னது. பூர்வகுடிகளின் காவல் மரணங்கள் பற்றி 1987 முதல் 1991 வரை நடந்த அந்த அரசு விசாரணை 99 மரணங்களை ஆராய்ந்தது. காவலுக்குள் வந்தபின் பூர்வகுடிகள் மற்றவரைவிட அதிக விகிதத்தில் இறக்கவில்லை, காவலுக்குள் வருவதுதான் அளவுகடந்து அதிகம் என்றது. விவாதத்தில் முதல் பாதியை மட்டும் எடுத்து வீசுவார்கள். இரண்டாம் பாதிக்குத்தான் 339 பரிந்துரைகளில் பல: கைது கடைசி வழியாக இருக்கட்டும், பொது இடத்தில் போதையில் இருப்பதைக் குற்றமாக்காதீர்கள், தூக்குப் போட்டுக்கொள்ள உதவும் கொக்கிகளை அறையிலிருந்து அகற்றுங்கள். முழுதாக நிறைவேற்றாமல் விட்டவையும் நிறைய. 1991க்குப் பிறகு 500க்கும் மேற்பட்ட பூர்வகுடிகள் காவலில் இறந்திருக்கிறார்கள்.

வேலை செய்த பரிந்துரை ஒன்றையும் சொல்ல வேண்டும். பூர்வகுடி ஒருவரைப் பிடித்தால் போலீஸ் உடனே பூர்வகுடிச் சட்ட உதவி அமைப்புக்குத் தொலைபேச வேண்டும் என்ற விதி நியூ சவுத் வேல்ஸில் 2000 முதல் இருக்கிறது. மறுமுனையில் வழக்கறிஞர், பகலோ இரவோ. மற்ற மாநிலங்கள் பல வெகு தாமதமாகத்தான் இதைப் பின்பற்றின.

13. நேட்டிவ் டைட்டில்னு சொல்லி என் வீட்டை எடுத்துக்குவாங்களா?

மாட்டார்கள், முடியாது. நீங்கள் வாங்கியது ஃப்ரீஹோல்ட், அதாவது முழுச் சொந்த நிலம் என்றால் அந்த நிலத்தில் பூர்வகுடி உரிமை சட்டப்படி ஏற்கெனவே அழிந்துவிட்டது. 1992 ஜூன் 3இல் மாபோ வழக்கில் நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 'இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்ற வாதத்தைத் தள்ளியது. வழக்கை நடத்திய எடி மாபோ தீர்ப்புக்குச் சில மாதம் முன்பே இறந்துவிட்டார். 1993 நேட்டிவ் டைட்டில் சட்டத்தின்படி உரிமை கோரக்கூடியது பெரும்பாலும் அரசு நிலத்தில். 1996 விக் தீர்ப்புக்குப் பின் மேய்ச்சல் குத்தகை நிலத்திலும் ஓரளவு, குத்தகைக்காரர் உரிமைக்குக் கட்டுப்பட்டு.

கிடைப்பதும் பல இடங்களில் பத்திரம் அல்ல. வேட்டை, சடங்கு, தங்குதல் போன்ற உரிமைகள். விற்க முடியாது. அதற்கும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்னிருந்து அறுபடாத தொடர்பை நிரூபிக்க வேண்டும். தென்கிழக்கில் முதலில் விரட்டப்பட்டவர்களுக்கு இதுவே பொறி. விரட்டியதால் தொடர்பு அறுந்தது, அறுந்ததால் உரிமை இல்லை என்று யோர்ட்டா யோர்ட்டா மக்கள் 2002இல் தோற்றார்கள். 2020 மே மாதம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டு மனிதத் தடயம் கொண்ட குகைகளை ரியோ டின்டோ என்ற சுரங்க நிறுவனம் வெடிவைத்துத் தகர்த்ததும் சட்டத்தின் அனுமதியோடுதான். இழப்புப் பயம் யாருக்கு இருக்க வேண்டும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

14. வளரிதான் பூமராங், நாமும் அவங்களும் ஒரே இனம்னு வாட்ஸாப்ல வருதே?

எறிதடி உலகில் பல இடங்களில் இருந்தது. எகிப்தில் துட்டன்காமன் கல்லறையிலும் கிடைத்தது. மொழி ஒற்றுமையைக் கால்டுவெல் காலத்திலிருந்து பேசுகிறார்கள், மொழியியலாளர் ஏற்கவில்லை. 4,000 ஆண்டு முன்பு இந்தியாவிலிருந்து மரபணு வந்தது என்று 2013இல் ஓர் ஆய்வு சொன்னது. 2016இல் வந்த ஆய்வுகளுக்கு அதற்கான தடயம் கிடைக்கவில்லை. குமரிக்கண்டத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு பூர்வகுடி நண்பரிடம் முதல் சந்திப்பிலேயே "நீங்கள் எங்களிடமிருந்து வந்தவர்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். நாங்கள் எப்போதும் இங்கேதான் இருந்தோம் என்பது அவர்கள் சொல்வது. நாம் போய் அவர்களையும் குடியேறிகளாக்குவது அழகல்ல.

15. தமிழ்ச் சங்க விழாவில நிலத்துக்கு மரியாதை சொல்லணும்ங்கிறாங்க. எப்படிச் செய்யறது?

இரண்டு முறை உண்டு. 'நிலத்துக்கு வரவேற்பு' அந்த நிலத்தின் மரபுரிமையாளர் மட்டுமே செய்யலாம். உள்ளூர் நில மன்றம் வழியாகச் சில வாரம் முன்பே கேட்டு, கட்டணம் கொடுத்து அழைக்க வேண்டும். நாதஸ்வரக்காரருக்குக் கொடுக்கிறோம், இவருக்கும் கொடுப்போம். 'நிலத்தை நினைவுகூர்தல்' யாரும் செய்யலாம். விழா தொடங்கும்போதே, குத்துவிளக்குக்கு முன், அரை நிமிடம் போதும், தமிழிலேயே சொல்லலாம். நிலம் யாருடையது என்பதைக் கவுன்சில் இணையதளத்தில் பாருங்கள். துங்காபி, பரமட்டா பக்கம் தருக் மக்கள். மெல்பர்னில் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து வுருண்ட்ஜெரி அல்லது பூனுரொங். பெயரை இரண்டு முறை உச்சரித்துப் பழகுங்கள். மேடையில் தடுமாறிச் சிரிப்பதுதான் அவமரியாதை.

16. எங்க சிட்டிசன்ஷிப் விழா ஜனவரி 26இல போட்டிருக்காங்க. போகலாமா?

அன்றுதான் 1788இல் கொடி நட்டார்கள். 1938இலேயே பூர்வகுடித் தலைவர்கள் அதைத் துக்க நாளாக அனுசரித்தார்கள். போவதும் போகாததும் உங்கள் முடிவு. குடியுரிமை வாக்குறுதியை எடுத்தே ஆக வேண்டும், ஆனால் அந்தத் தேதியில்தான் என்று இல்லை. 2022 டிசம்பரில் மாற்றிய விதிப்படி கவுன்சில்கள் மூன்று நாள் முன்போ பின்போ நடத்தலாம். கவுன்சிலுக்கு எழுதி வேறு நாள் கேட்டுப் பாருங்கள்.

17. நாமளும் வெறுங்கையோடதானே வந்தோம். கஷ்டப்பட்டு முன்னேறலையா? அவங்களால ஏன் முடியல?

நம்மில் பெரும்பாலோர் வெறுங்கையோடு வரவில்லை. புள்ளிகள் எண்ணி, பட்டம் பார்த்து, ஆங்கிலத் தேர்வு வைத்து, 45 வயதுக்கு மேல் வேண்டாம் என்று கழித்து, மருத்துவச் சோதனையும் போலீஸ் சான்றும் வாங்கி உள்ளே விட்டிருக்கிறார்கள். வடிகட்டி எடுத்த கூட்டத்தை வடிகட்டாத ஒரு முழுச் சமூகத்தோடு ஒப்பிடுகிறோம். படகில் வந்த ஈழத்தவர் நிலை வேறு. நிலம் பறிபோவது என்றால் என்ன என்பது அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதும் குறைவு.

பெயரைப் பார்த்து வேலை விண்ணப்பத்தை ஒதுக்குவது நமக்கும் நடக்கிறது, அது பொய்யில்லை. ஆனால் நம்மைக் காப்பாற்றும் சட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வெள்ளையரல்லாதவர் குடியேறுவதைத் தடுத்த வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை முழுதாக நீங்கியது 1973இல். அதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1965இல், சார்ல்ஸ் பெர்கின்ஸ் என்ற அரெர்ன்ட்டே இன மாணவர் தலைமையில் பல்கலைக்கழக மாணவர்கள் பேருந்தில் போய், பூர்வகுடிப் பிள்ளைகளை விடாத மோரீ ஊர் நீச்சல் குளத்தின் வாசலில் நின்று, முட்டையடியும் கல்லடியும் வாங்கினார்கள். 1975 இனப் பாகுபாட்டுச் சட்டம் அப்படிப்பட்ட போராட்டங்களின் பின்னால் வந்தது. அதில் நாமும் நிழல் வாங்குகிறோம்.

18. 2023ல மக்களே வேண்டாம்னு ஓட்டுப் போட்டாச்சே. இனி என்ன?

2023 அக்டோபர் 14இல் கேட்டது ஒரே கேள்வி: நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடி அமைப்பு ஒன்றை அரசியலமைப்பில் சேர்க்கலாமா? 60 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலங்களும் 'இல்லை', கான்பெரா பிரதேசம் மட்டும் 'ஆம்'. வடக்கின் தொலைதூரப் பூர்வகுடி ஊர்களின் சாவடிகளில் 'ஆம்' பெரும்பான்மை. அதனால் அரசியலமைப்பு மாறவில்லை, அவ்வளவே. இருக்கும் சட்டம் எதுவும் போகவில்லை. தென் ஆஸ்திரேலியா தன் மாநிலச் சட்டத்தாலேயே அப்படி ஓர் அமைப்பை வைத்துக்கொண்டது. விக்டோரியாவில் 2019 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட பூர்வகுடி மன்றம் இயங்குகிறது, 2025இல் பூர்வகுடிகளோடு உடன்படிக்கைக்கான சட்டமும் நிறைவேறியது.

19. எங்கட கடைக்கு அவையள் வந்தா பின்னால ஆள் விடுறம். களவு போகுதே, அது பிழையோ?

பிழை, சட்டவிரோதமும் ஆகலாம். எல்லோர் பையையும் பார்க்கும் விதி வைத்தால் அது கடை விதி. ஒரு நிறத்தவர் பின்னால் மட்டும் ஆள் போனால், அவர்களுக்கு மட்டும் சேவையை மறுத்தால், அது பாகுபாடு. வாடகைக்கு வீடு விடும்போது 'அவங்க வேண்டாம்' என்று ஏஜெண்டிடம் வாய்மொழியாகச் சொல்வதும் அப்படியே. ஏஜெண்டும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். ஆளைக் குறிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் குறிவைத்த ஆளிடம்தான் திருட்டு அகப்படும். பக்கத்து வரிசையில் கோட்டுப் பைக்குள் பிளேடு பாக்கெட் போடுபவரை யார் பார்த்தது? கேமராவைக் கல்லாவுக்கு மேல் வைக்காமல் விலை அதிகமான தட்டுகளுக்கு மேல் வையுங்கள், களவு குறையும்.

20. கண் முன்னால இப்படி நடந்தா நான் என்ன செய்யலாம்? புகார் குடுத்தா ஏதாவது நடக்குமா?

முதலில் பாதிக்கப்பட்டவரிடம் போய் நில்லுங்கள், "நான் பார்த்தேன், தேவைப்பட்டால் சொல்கிறேன்" என்று உங்கள் எண்ணைக் கொடுங்கள். புகார் செய்வதா என்பது அவர் முடிவு. அவருக்காக மற்றவர் கொடுக்கலாம், அவர் சம்மதம் வேண்டும். அன்றே எழுதிவையுங்கள்: தேதி, நேரம், பேசிய சொற்கள் அப்படியே, அருகில் இருந்தவர்கள். கேமராப் பதிவு சில நாளிலோ வாரங்களிலோ அழிந்துவிடும் என்பதால் அதைப் பத்திரப்படுத்தும்படி உடனே எழுத்தில் கேட்க வேண்டும். பல புகார்கள் வலுவிழப்பது இந்த இடத்தில்.

ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் இலவசம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, எந்த மொழியிலும் எழுதலாம். நடந்து 24 மாதத்துக்குள் கொடுப்பது நல்லது. தாமதமானால் தள்ளிவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆணையம் தீர்ப்பு வழங்காது, இரு தரப்பையும் உட்காரவைத்துச் சமரசம் பேசும். மன்னிப்புக் கடிதம், இழப்பீடு, ஊழியர் பயிற்சி, விதி மாற்றம் என்று முடிவது வழக்கம். ஒத்துவராவிட்டால் ஆணையம் புகாரை முடித்து அறிவிப்புக் கொடுக்கும். அந்தத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். 2024இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பின், அங்கே தோற்றாலும் எதிர்த் தரப்பின் செலவு பொதுவாகத் தலையில் விழாது, ஆனால் விதிவிலக்குகள் உண்டு. ஆகவே அந்தப் படிக்கு முன் பூர்வகுடிச் சட்ட உதவி அமைப்பையோ சமூகச் சட்ட மையத்தையோ பார்த்துவிட வேண்டும். மாநில ஆணையங்களின் காலக்கெடு வேறு. நியூ சவுத் வேல்ஸில் 12 மாதம்.